புரோக்கர் யார் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரகடம் கூட்டுரோடு வேறு முகம் காட்டும். வார நாட்களில் கம்பெனி பஸ்கள் மொய்க்கும் சாலையோரத்தில் அன்றைக்குத் தாம்பரம், போரூர், அம்பத்தூர் பக்கத்துக் கார்கள் நிற்கும். கணவன், மனைவி, பின்சீட்டில் ஒரு மாமனார். எதிரே பைக்கில் ஒருவர்; கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் மடித்து மடித்து ஓரம் நைந்துபோன லேஅவுட் ஜெராக்ஸ். பார்ட்டி இறங்கியதும் அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பேப்பர் பக்கா கிளியர் சார்." அடுத்து, "இன்னிக்கு டோக்கன் போட்டாதான் இந்த ரேட்டு. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது."

வந்தவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள். தண்ணீர் எத்தனை அடியில் என்று விசாரிப்பார்கள். வாசல் எந்தத் திசை என்பது மாமனாரின் கவலை. எதிரே நிற்கிற மனிதர் யாருக்காக நிற்கிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வாங்குகிறவர் பக்கமா, விற்கிறவர் பக்கமா, இரண்டும் இல்லாமல் வியாபாரம் முடிய வேண்டும் என்பதன் பக்கமா? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பட்டையில் வீட்டு மனை வாங்கக் கிளம்புகிறவர் நல்ல புரோக்கரைத் தேடுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே இத்தனை புரோக்கர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், இன்னும் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். ஒவ்வொரு கம்பெனி அறிவிப்புக்கும் பின்னால் சுற்றியுள்ள கிராமங்களில் நிலம் கை மாறியது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்களும், நிலத்தைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுப் பணத்தோடு உட்கார்ந்திருந்தவர்களும், ஊரில் யாருக்கு எத்தனை சென்ட் இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தவர்களும் மெல்ல மெல்ல மீடியேட்டர் ஆனார்கள். சர்வே நம்பரைச் சொன்னால் போதும், அந்த நிலத்தில் எந்த அண்ணன் தம்பிக்குள் தகராறு, எந்த அத்தைக்குப் பங்கு கொடுக்கவில்லை என்று கணினி பார்க்காமலே சொல்லிவிடக்கூடியவர்கள் இவர்களில் உண்டு. உள்ளூர் புரோக்கரின் உண்மையான மதிப்பு இதுதான். சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா ஆலை மூடப்பட்டபோது இதே புரோக்கர்களின் பேச்சு எப்படியெல்லாம் மாறியது என்பது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆலை ஓடியவரை 'நோக்கியா பக்கத்துல' என்பதே விலைச்சீட்டு. மூடிய பிறகு அந்த வார்த்தை நோட்டீஸ்களிலிருந்து காணாமல் போனது. இன்று 'ஃபாக்ஸ்கான் பக்கத்துல', 'பரந்தூர் ஏர்போர்ட் பக்கத்துல'. கம்பெனி பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறவர், அந்தக் கம்பெனிக்கு ஏதாவது ஆனால் விலை என்னவாகும் என்று தானாகச் சொல்லப்போவதில்லை.

பணத்துக்கு வருவோம். இந்தப் பட்டையில் நிலத்துக்கு கமிஷன் பொதுவாக 1 அல்லது 2 சதவீதம், பல நேரம் இரண்டு பக்கமும். கணக்குக்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய் என்றால் 24 லட்சம். 2 சதவீத கமிஷன் 48,000 ரூபாய். இதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குகிற புரோக்கரிடம் பேரம் பேசலாம், சண்டையும் போடலாம். சிக்கல் 'கமிஷனே வேணாம் சார்' என்று சொல்கிறவரிடம் தொடங்குகிறது. ஓனரிடம் சதுர அடி 1,700 ரூபாய்க்குப் பேசி, ஒரு சின்ன அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருப்பார். ஓனர் ரேட்டுக்கு மேலே வைத்து விற்பதில் மிஞ்சும் 300 ரூபாய் அவருடையது. 1,200 சதுர அடிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 48,000 எங்கே, இது எங்கே?

மார்ஜின் வைத்து விற்பதை நான் பாவம் என்று சொல்ல வரவில்லை. முன்பணம் போட்டவர் லாபம் பார்க்கிறார். வியாபாரத்தில் அது சகஜம். ஆனால் அப்போது அவர் புரோக்கர் அல்ல, விற்பனையாளர். விற்பனையாளரிடம் போய் 'இந்த இடம் வாங்கலாமா, நீங்க என்ன சொல்றீங்க?' என்று யோசனை கேட்பதில் பொருள் இல்லை. அமெரிக்காவில் இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போனது. வாங்குகிறவரின் ஏஜென்டுக்கு விற்கிறவர் தரப்பிலிருந்து கமிஷன் போகும் பழக்கத்தை எதிர்த்த வழக்குகளில், அங்குள்ள தேசிய ரியல்டர் சங்கம் 2024-ல் 41 கோடியே 80 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்டும் வாங்குகிறவரும் கூலி எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் அந்த ஒரு தாளுக்கு யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. கேட்டாலே போதும், கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் ரெரா, புரோக்கரையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் பெயரில் அழைத்தாலும் இடைத்தரகர் இடைத்தரகர்தான் என்று வரையறுத்துவிட்டு, ரெராவில் பதிவான திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்க உதவுகிற ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 9-வது பிரிவு. பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது, இல்லாத வசதியை இருப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது, கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது 10-வது பிரிவு. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு பெற்ற திட்டங்களின், ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணை அங்கே தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. இன்னொன்றும் இந்தச் சட்டத்தில் உண்டு: பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் புரமோட்டர் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 'பாதிப் பணம் கட்டிடுங்க, அக்ரிமென்ட் அப்புறம் பாத்துக்கலாம்' என்ற பேச்சு வந்தால் காரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

ஆனால் இந்த வலையின் கண்கள் பெரியவை. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடத்துக்கும் 8 வீட்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கும் ரெரா பதிவு தேவையில்லை. தனி ஆள் தன்னுடைய மனையை மறுவிற்பனை செய்வதும் இதற்குள் வராது. ஏக்கர் கணக்கில் விவசாய நிலம் கை மாறுவதும் வராது. இந்தப் பட்டையில் புரோக்கர் கையில் புழங்குவதில் பெரும்பகுதி இந்த ரகம். மகாராஷ்டிராவில் ஏஜென்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று 2023-ல் கொண்டுவந்தார்கள். சர்வே நம்பர் உட்பிரிவு என்றால் என்ன என்று தெரியாதவர் அங்கே கார்டு அடிக்க முடியாது. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் நல்லது. அதுவரை தேர்வு வைக்க வேண்டியவர் வாங்குகிறவரேதான்.

முதல் கேள்வி, சர்வே நம்பர். இடத்தைக் காட்டுவதற்கு முன்பே அல்ல, காட்டிய பிறகு, டோக்கன் பேச்சு வருவதற்கு முன்னால். நியாயமான புரோக்கருக்கு இதில் ஒரு பயம் உண்டு: நம்பரைக் கொடுத்தால் பார்ட்டி நேரே ஓனரைப் பிடித்துத் தன்னை வெட்டிவிடுவார். அந்தப் பயம் நியாயமானது. பலருக்கு நடந்திருக்கிறது. 'உங்களைத் தாண்டிப் போக மாட்டேன்' என்று கமிஷனை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நம்பர் வரவில்லை என்றால், அந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் நான்கைந்து புரோக்கர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஓனர் முகத்தை அவரே பார்த்திருக்க மாட்டார்.

நம்பர் கையில் வந்ததும் பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில். இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காத இடம் அ-பதிவேட்டில் நிலத்தின் வகை எழுதியிருக்கும் பத்தி. புஞ்சை, நஞ்சை என்று இருந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். மேய்க்கால், வண்டிப்பாதை, ஏரி உள்வாய், அனாதீனம் என்று வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அனாதீனம் அரசு நிலம். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து பீமன்தாங்கலில் அப்படிப்பட்ட நிலத்துக்கே பட்டா வாங்கி, நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கான இழப்பீட்டையும் பெற்ற மோசடி 2021-ல் வெளியே வந்து சிபிசிஐடி விசாரணை வரை போனது. அரசையே ஏமாற்றிய பட்டா, ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற குடும்பத்தை ஏமாற்றாதா?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயம் பஞ்சமி நிலம். ஸ்ரீபெரும்புதூரும் அந்த மாவட்டத்தில் இருந்ததுதான். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. முதல் 10 ஆண்டுகள் விற்கவே முடியாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது, அரசு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல கை மாறி, பத்திரத்துக்கு மேல் பத்திரம் ஏறி, இன்று ஒரு மனையாக உங்கள் முன் நிற்கலாம். 30 வருட வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பழைய வருவாய்க் கணக்கில் தெரியும். அதைவிடச் சீக்கிரம் ஊர்க்காரருக்குத் தெரியும். 'அந்தப் பக்கம் கண்டிஷன் பட்டா சார், வேணாம்' என்று தன் கமிஷனைத் தானே கெடுத்துக்கொண்டு சொல்கிற புரோக்கர் கிடைத்தால், அவரை விடாதீர்கள்.

'வேணாம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் என் பார்வையில் இந்தத் தேர்வின் முக்கால் பங்கு. நான்கு இடம் காட்டி நான்கும் அருமை என்கிறவரிடம், அவர் காட்டாத ஒரு லேஅவுட்டின் பெயரைச் சொல்லி, 'அங்க வாங்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். போட்டியாளரின் இடம் என்பதால் ஒரேயடியாகக் கரித்துக்கொட்டினால் அது ஒரு பதில். 'ரோடு இருபது அடின்னு காட்டுவாங்க, அளந்து பாருங்க. தாழ்வான இடம், மழைக்கு நிக்கும்' என்று விவரமாகச் சொன்னால் அது வேறு பதில். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று ஏரிகள் நிறைந்த பூமி இது. 2015 டிசம்பரில் தண்ணீர் எது வரை ஏறியது என்று காட்டத் தெரிந்தவர் எந்த வரைபடத்தையும்விட உபயோகமானவர்.

அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் விவகாரமும் அப்படித்தான். தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997-ன்படி முதலில் 3(2) நோட்டீஸ் வரும். பிறகு 3(1) அறிவிப்பு. 3(1) வந்துவிட்டால் நிலம் அரசுடையது. இந்த இரண்டுக்கும் நடுவில், விஷயம் தெரிந்த சிலர் அவசரமாக விற்றுவிடப் பார்ப்பார்கள். விலை சற்றுக் குறைவாகவே இருக்கும். 'ஓனருக்குப் பொண்ணு கல்யாணம், அவசரம்' என்ற கதையும் கூடவே வரும். பரந்தூரில் 2022 ஆகஸ்டில் விமான நிலைய அறிவிப்பு வந்தபின் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன: ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தர மாட்டோம் என்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், அதே பெயரைச் சொல்லிச் சுற்று வட்டாரத்தில் மனை விற்றார்கள். எல்லைக் கோட்டுக்கு உள்ளே எந்தெந்த சர்வே நம்பர் என்று காட்ட முடியாதவரிடம் 'ஏர்போர்ட் பக்கம்' மனை வாங்குவது சூதாட்டம்.

அப்ரூவல் பற்றியும் ஒரு வார்த்தை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் இன்னும் சாகவில்லை. 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை போட்டு, பத்திர ஆபீஸ்கள் வெறிச்சோடியதெல்லாம் பழைய கதை. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கு மட்டும் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பின் போட்ட லேஅவுட்டுக்கு அரசின் நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ எண் இல்லாவிட்டால் வேறு பேச்சே இல்லை. இப்போது இதைச் சுற்றிப் போக 'பண்ணை நிலம்' என்று சென்ட் கணக்கில் விற்கிறார்கள். கல் நட்டு, வேலி போட்டு, ஒரு மாங்கன்று வைத்துக் கொடுத்தாலும் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் நிலம் எந்த வகை என்று புரியும்.

'ரிஜிஸ்டர் ஆயிடும் சார், கவலைப்படாதீங்க' என்று தைரியம் சொல்வார்கள். ஆகும்தான். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது, விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத், படப்பை, எந்த ஆபீஸில் பதிந்தாலும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கட்டியபிறகும் அந்தக் காகிதம் 'இது உங்களுடையது' என்று உறுதி சொல்லவில்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து சங்கிலி விடுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டியவர் வக்கீல். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் அல்ல. நீங்கள் ஃபீஸ் கொடுக்கிற வக்கீல். இந்த வித்தியாசத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது. 2023 ஜூலை முதல் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கு விற்கும் பவர் கொடுத்தால் சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம் என்று ஆனபிறகு, மார்ஜின் ஆட்கள் பலர் பவரும் வாங்காமல் வெறும் அக்ரிமென்ட்டோடு ஓட்டுகிறார்கள். டோக்கன் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பார்த்தாலே குட்டு உடையும். பத்திரத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் போகட்டும். 'என் ஜிபேல போடுங்க, நான் ஓனருக்குக் கொடுத்துடறேன்' என்பவரிடம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

வாங்குகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பட்டையில் புரோக்கரை நம்பி வாழ்கிற இன்னொரு பெரிய கூட்டம் வாடகைக்கு இருப்பவர்கள். ஷிப்டுக்கு வரும் தென் மாவட்டத்துப் பிள்ளைகள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள், கொரியக் கம்பெனிகளின் அதிகாரிகள். அதிகாரிக்குக் கிடைக்கும் புரோக்கர் வேறு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் புரோக்கர் வேறு. ஒரு மாத வாடகை புரோக்கரேஜ், பத்து மாத அட்வான்ஸ் என்று இன்றும் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. லேபர் கான்ட்ராக்டர்கள் வீட்டை மொத்தமாக எடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று ஆட்களை நிரப்புவது தனி உலகம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் அந்த உலகம் வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் திறந்தது. அதில் இடம் கிடைக்காதவர்களுக்கு மீண்டும் புரோக்கர்தான். அட்வான்ஸ் ரசீதில் வீட்டு ஓனரின் கையெழுத்து இல்லாமல் சாவி வாங்காதீர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

கமிஷனை எப்போது கொடுப்பது என்பதில்தான் கடைசிப் பேரம். பத்திரம் பதிந்த அன்றே, சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் இருக்கும் டீக்கடையிலேயே எண்ணி வாங்கிக்கொள்வது வழக்கம். அங்கேதான் பலரின் உறவும் முடிகிறது; மறுநாள் முதல் போன் எடுக்க மாட்டார். ஆனால் பெரிய சர்வே நம்பரிலிருந்து பிரித்து விற்ற இடமாக இருந்தால் வேலை அப்போதுதான் ஆரம்பம். உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர்கள் இருக்கும்போது சங்கிலி பிடித்து அளக்க வேண்டும், கல் நட வேண்டும், புலப்படத்தில் புது எண் ஏற வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரப்பில் நிற்க வைக்க, சென்னையிலிருந்து வந்தவரால் முடியாது. உள்ளூர் புரோக்கரால் முடியும். அதனால் டோக்கன் போடும்போதே பேசிவிடுங்கள்: பாதி கமிஷன் பதிவு அன்று, மீதி உங்கள் பெயரில் உட்பிரிவுப் பட்டா வந்த அன்று. இதற்குச் சம்மதிக்கிற புரோக்கர்கள் இந்தப் பட்டையில் இருக்கிறார்கள். இரண்டு பேரம் கைவிட்டுப் போன பிறகு மூன்றாவதாகக் கிடைப்பார்.